பெரிய வீட்டுக்கு ஏணி

தூக்கிலிடுபவருக்கு ஒரு மனச்சங்கடம். மறுநாட் காலையில் தம் கையால் உயிர்விட இருக்கும் கைதி சாமானியனல்லன், ஒரு டியூக். இங்கிலாந்துப் பிரபுக்களின் வரிசையில் அரச குடும்பத்துக்கு அடுத்த படியில் நிற்பவன். அத்தகைய ஒருவனைக் கழுத்தில் கயிற்றை மாட்டும் வேளையில் எந்த மரியாதைச் சொல்லால் விளிப்பது? இத்தனை பெரிய இடத்து வேலை வாய்த்த பின்பு சாதாரணக் கொலைகாரரிடம் திரும்ப மனம் வராது என்றும், இதனோடு ஓய்வுபெறப் போவதாகவும் அவர் சொல்லிக்கொள்கிறார். ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொறொனெட்ஸ்’ என்ற ஆங்கிலப் படம் இவ்வாறு தொடங்குகின்றது. 1949இல் ஈலிங் நிறுவனத்தார் தயாரித்து, றொபேட் ஹேமர் நெறிப்படுத்திய படம் அது.

கதை எளிது. டியூக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இத்தாலியப் பாடகன் ஒருவனைக் காதலித்து வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். குடும்பம் அவளைத் தலைமுழுகிவிடுகிறது. கணவன் இறக்க, வறுமையில் மகனை வளர்க்கிறாள். அவள் இறந்தபோது குடும்பக் கல்லறையிற்கூட இடம் மறுக்கப்படுகிறது. அந்த மகன் லூயி, புடைவைக் கடையில் விற்பனையாளனாக நின்றுகொண்டு, தனக்கும் டியூக் பட்டத்துக்கும் இடையே நிற்கும் உறவினரின் பெயர்களை எழுதி வைத்து, ஒவ்வொருவராக அடிக்கத் தொடங்குகிறான். ஒருவர் ஆற்று நீர்வீழ்ச்சியில் மாள்கிறார். ஒருவர் புகைப்படக் கொட்டிலில் எரிகிறார். பாதிரியார் நஞ்சுண்டு போகிறார். பலூனில் ஏறிப் பெண்களின் வாக்குரிமைக்குத் துண்டுப்பிரசுரம் வீசிய சீமாட்டி அம்பு பட்டு விழுகிறாள். இந்த எட்டு உறவினருக்கும், சீமாட்டி உட்பட, முகங்கொடுத்தவர் அலெக் கின்னஸ் என்ற ஒரே நடிகர். லூயியாக வரும் டெனிஸ் பிறைஸ், கடைசிவரை குரலை உயர்த்தாமல், நாகரிகமான பேச்சிலேயே இத்தனையையும் செய்து முடிக்கிறார்.

எட்டு வேடங்களைக் கண்டு வியந்துவிட்டு எழுந்து போகிறவர்கள் பலர். எனக்கு அந்த வித்தையைவிட வேறொன்றே பெரிதாகப் படுகின்றது. எட்டுப் பேருக்கும் ஒரே முகம் என்பது நடிகரின் திறமை மாத்திரமன்று. மேற்குடியார் யாவரும் கீழிருந்து பார்ப்பவனுக்கு ஒரே முகமாகத்தான் தெரிகின்றனர் என்ற உண்மையும் அதில் இருக்கிறது. லூயி அவர்களை வெறுக்கிறானா என்றால், இல்லை. அவர்களாக ஆகவே விரும்புகிறான். ஏணியின் உச்சியை அடைந்ததும் தன் குடியானவரை நோக்கி அவன் காட்டும் மிடுக்கு, தான் கொன்றவர்களிடமிருந்து சுவீகரித்த மிடுக்கேயாகும்.

இந்தப் படத்தில் லூயியை விசாரிப்பது பிரபுக்கள் சபை. கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஒரு பிரபுவைப் பிரபுக்களே கூடி விசாரிக்கும் பழைய உரிமை அந்நாட்டில் இருந்தது. அந்த உரிமை 1948இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே படம் வந்தது! ஒரு பெருமை உயிரோடு இருக்கும்வரை அதைக் கண்டு மக்கள் அஞ்சுகின்றனர். அது செத்துப் பாடையில் ஏறிய பின்னரே துணிந்து சிரிக்கின்றனர்.

நம் நாட்டிலும் ஏறக்குறைய இதே பொருத்தம் ஒன்று உண்டு. முதலியார், முகாந்திரம், உடையார், மணியகாரர், விதானையார் என்று பிரித்தானியர் வளர்த்த தலைமைக்காரர் முறையின் மேற்படிகள் முன்னரே உதிர்ந்துபோயின. கடைசிப் படியான கிராமத் தலைமைக்காரர் பதவி 1963இல் ஒழிந்து, கிராம சேவகர் வந்தார். (பதவி போயும் சொல் போகவில்லை, இன்றும் எங்கள் ஊர்களில் அந்த உத்தியோகத்தரை ‘விதானையார்’ என்றே அழைக்கிறோம்.) அதே 1963இலேதான், ஒரு முகாந்திரம் வீட்டின் வீழ்ச்சியைச் சொல்லும் ‘கம்பெரலிய’ திரைக்கு வந்தது.

மார்ட்டின் விக்கிரமசிங்க 1944இல் எழுதிய நாவல் அது. எம். எம். உவைஸ் அவர்கள் ‘கிராமப் பிறழ்வு’ என்ற பெயரில் அதைத் தமிழாக்கித் தந்திருக்கிறார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் நெறிப்படுத்த, றெஜி சிறிவர்த்தன திரைக்கதை எழுத, வில்லி பிளேக் ஒளிப்பதிவு செய்ய, அமரதேவ இசையமைத்த இப்படம் 1965இல் புதுடில்லியில் நடந்த சர்வதேசப் படவிழாவில் தங்க மயில் பரிசு பெற்றது. ஆட்டமும் பாட்டும் சண்டையும் தென்னிந்தியப் பாணியில் நிரம்பியிருந்த அக்காலச் சிங்களப் படங்களின் நடுவே, இது உண்மையான ஒரு பழைய வீட்டின் தாழ்வாரத்தில் மனிதரை உட்காரவைத்து, அவர்கள் பேசாமல் இருப்பதைப் படம் பிடித்தது. பரிசின் செய்தியைப் பத்திரிகையில் வாசித்த தமிழர் எத்தனையோ பேர். படத்தைப் பார்த்தவர் அவர்களில் சிலரே என்பது என் எண்ணம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்ப் படத்துக்கு நின்ற வரிசைகளை அறிந்தவர் இதை மறுக்கமாட்டார்.

கதை தென் கரைக் கிராமம் ஒன்றில் நிகழ்கிறது. ‘மஹகெதர’, அதாவது பெரிய வீடு. அங்கே கைசாருவத்தை முகாந்திரம், அவர் மனைவி, இரு பெண்கள், ஒரு மகன். இளையவள் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்க வருகிறான் பியல். படித்தவன், பண்புள்ளவன், ஆனால் அவன் பாட்டன் தோளில் காவுதடி சுமந்து இதே வீட்டுக்குக் காய்கறி விற்றவர். பியல் பெண் கேட்கிறான், மறுக்கப்படுகிறான். நந்தாவை ஜினதாசவுக்குக் கொடுக்கிறார்கள். ஜினதாசவிடம் குடிப்பெருமை இருக்கிறது, வேறொன்றும் இல்லை. முகாந்திரம் கண்ணை மூடுகிறார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது. குழந்தை பிறந்து இறக்கிறது. மானத்தைக் காக்க வியாபாரம் செய்யவேண்டிய நிலைக்கு வந்த ஜினதாச, தொலைவிலுள்ள உள்நாட்டுப் பகுதிக்குப் போய்த் தோற்று, மறைந்துபோகிறான். அவன் இறந்ததாகச் செய்தி வருகிறது. இதற்கிடையில் பியல் கொழும்பில் பெரும்பணக்காரனாகிவிட்டான். முன்பு மறுத்த வீடு இப்போது மறுக்கவில்லை. நந்தா பியலை மணக்கிறாள்.

அதன் பின்னர் ஒரு தந்தி. ஆஸ்பத்திரியில் ஜினதாச.

நந்தா ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவன் உண்மையாகவே இறந்துவிட்டான். முன்பு வந்த மரணச் செய்தி பொய்யாம்! பெரிய வீட்டு மருமகன் இரண்டு தரம் சாகவேண்டியிருந்தது. ஒரு தரம் மனைவிக்கு மறுமணம் நடக்கும்பொருட்டு, மற்றொரு தரம் தன்பொருட்டு. இரண்டு சாவுக்கும் நடுவே அவன் உயிரோடிருந்த காலம் யார் கணக்கிலும் சேரவில்லை. ஹேமருடைய படத்தில் இந்நிகழ்ச்சி இருந்திருப்பின் கொட்டகை சிரித்து ஓய்ந்திருக்கும். பீரிஸ் சிரிக்கவில்லை, நம்மையும் சிரிக்கவிடவில்லை. புண்யா ஹீந்தெனியவின் முகத்தில் அவர் கமராவை நிறுத்திவிடுகிறார். ஆயினும் அடியிலே ஓடுவது அதே கரிய நகைச்சுவைதான் என்பதை இரண்டாம் முறை பார்ப்பவர் உணர்வர். முதன்முறை பார்க்கும்போது துயரமாகத் தெரிந்த எத்தனையோ இடங்கள் மறுமுறை பார்க்கும்போது உதட்டோரத்தைச் சற்றே அசைக்கின்றன. சோற்றுக்கு வழி தேடவேண்டிய வேளையிலும், வந்தவரை எந்த ஆசனத்தில் இருத்துவது என்ற கணக்கு அவ்வீட்டில் பிசகுவதில்லை.

லூயி கொன்று ஏறினான். பியலுக்குக் கொல்லவேண்டிய தேவையே இல்லை. காத்திருந்தால் போதும், வீடு தானாகவே செத்துக்கொண்டிருந்தது.

வீடு ஏன் செத்தது என்பதைப் படம் விரிவுரை நடத்திச் சொல்லவில்லை. மாணவர் பொருட்டு நான் சொல்லலாம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்பில் அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதுவரை கப்பல்கள் தங்கிச் சென்ற காலித் துறைமுகம் ஒளியிழந்தது. 1895இல் இரயில் மாத்தறையை எட்டியது. நெல்லும் தென்னையும் தந்த வருவாயில் பதவியின் பகட்டைப் போற்றிவந்த தென்பகுதிக் குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஓடுகிற காசெல்லாம் இரயிலேறிக் கொழும்புக்குப் போயிற்று. சீதனமாக நிலம் துண்டு துண்டாகப் பிரிந்தது. வியாபாரம் இழிவு என்ற எண்ணம் மாத்திரம் பிரியாமல் முழுசாக இருந்தது. பியலின் பாட்டன் சுமந்த காவுதடிக்கு அத்தகைய எண்ணம் எதுவும் இல்லை. வடக்கிலும் இதே கதைதான். 1905இல் இரயில் காங்கேசன்துறையை எட்டியதும் எங்கள் உடையார் வீட்டுப் பிள்ளைகளும், அவ்வீடுகளில் திண்ணைக்கு அப்பால் போகமுடியாதவர்களின் பிள்ளைகளும் ஒரே வண்டியில் கொழும்புக்கு வந்தார்கள். கந்தோரில் இருவருக்கும் ஒரே வகை நாற்காலி.

இங்கே சத்தியஜித் ராயின் ‘ஜல்சாகர்’ (1958) நினைவுக்கு வருகிறது. வங்கத்து ஜமீன்தார் ஒருவர் மிச்சமிருந்த கடைசிப் பணத்தையும் செலவழித்துக் கச்சேரி வைக்கிறார். அயலிலே வட்டிக்காசில் வளர்ந்த புதுப்பணக்காரன், ஆடியவளுக்கு முந்திக்கொண்டு பரிசளிக்கக் கை நீட்டுகிறான். ஜமீன்தார் தமது கைத்தடியின் வளைந்த பிடியால் அக்கையைத் தடுத்து நிறுத்துகிறார். முதற் பரிசு வழங்குவது வீட்டுக்காரனின் உரிமையல்லவா! அந்த ஒரு கணத்து வெற்றிக்கு அவர் கொடுத்த விலை அவருடைய சொத்தின் மீதி முழுவதும். சபி பிஸ்வாஸ் அந்தப் பாத்திரத்தில் காட்டும் கம்பீரத்தை மெச்சுவதா, அந்த மடமையை எண்ணி நகைப்பதா என்று தெரியாமல் நாம் திகைக்கிறோம். ராயின் அனுதாபம் விழுகிறவர்பால் இருந்தது. பீரிஸின் அனுதாபமோ விழுகிறவரிடமும் ஏறுகிறவனிடமும் ஒருங்கே சென்றது. அதனாற்போலும் ‘கம்பெரலிய’வில் ஹென்றி ஜயசேனவின் பியலை நாம் ஒருபோதும் முழுமையாக விரும்பவும் முடிவதில்லை, வெறுக்கவும் முடிவதில்லை.

கொழும்பு மாநகரத்தின் தெருக்களே இந்தக் கதைக்கு ஒரு வரைபடம் எனலாம். ஒல்லாந்தர் காலத்திலும் பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியிலும் செல்வர் வாழ்ந்தது நகரின் வடபுறத்தில்: கொட்டாஞ்சேனை, முகத்துவாரம். துறைமுகம் பெருத்துக் கரித்தூளும் சுமைவண்டியும் வந்து சேரவே அவர்கள் தெற்கே நகர்ந்தார்கள். கொள்ளுப்பிட்டிக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் போனார்கள். விட்டுப்போன மாளிகைகள் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டன. நான் சிறுவனாக இருந்தபோது கொட்டாஞ்சேனையில் அத்தகைய வீடொன்றின் பின்னறையில் குடியிருந்தோம். முன்மண்டபத்தின் தூண்கள் இரண்டு பேர் கைகோத்துப் பிடிக்கும் பருமன். அவற்றுக்கு இடையே கயிறு கட்டி ஆறு குடும்பத்தார் துணி உலர்த்தினார்கள். வாயிற்கதவில் யாரோ ஒரு முதலியாரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இருந்தது. எங்கள் பக்கத்து அறையில் வாழ்ந்த கிழவி ஒருத்தி வெள்ளிக்கிழமைதோறும் புளி தேய்த்து அதைத் துலக்குவாள். அந்த முதலியார் யாரென்று அவளுக்குத் தெரியாது. “வீட்டுக்கு ஒரு மதிப்புத்தானே, தம்பி” என்பாள்.

வெள்ளவத்தைக்கு வருவதென்பது எங்கள் குடும்பத்துக்கு ஓர் ஏற்றம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் வீடெடுத்தோரை மற்றப் பக்கத்தார் சற்றே அண்ணாந்து பார்த்த காலம் அது. அவர்களுள்ளும் சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என இரு சாதி. ஊரில் சாதியைச் சொல்லிப் பிரித்தவர்கள் இங்கே ஒழுங்கையின் இலக்கத்தைச் சொல்லிப் பிரித்தார்கள். கலியாணப் பேச்சு வந்தால் மாத்திரம் இலக்கம் மறைந்து ஊர் வெளியே வரும்.

ஆகவேதான் பீரிஸின் மூன்று படங்களுள் கொழும்புத் தமிழருக்கு நெருக்கமானது ‘கலியுகய’ என்பேன். விக்கிரமசிங்கவின் நாவல் 1957இல் வந்தது; படம் 1981இல். முதற் படத்தில் இளமையோடு தோன்றிய ஜயசேனவும் ஹீந்தெனியவும் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, மெய்யாகவே முதிர்ந்த முகங்களோடு, அதே பியலாகவும் நந்தாவாகவும் வருகிறார்கள். ஒப்பனைக்காரரால் செய்யமுடியாததைக் காலம் செய்து கொடுத்திருக்கிறது. கொழும்பிலே பெரிய வீடு, செல்வம், செல்வாக்கு. மகன் அலன் இங்கிலாந்துக்குப் போய்விட்டான். அங்கிருந்து அவன் எழுதும் கடிதம் பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. பணத்தையும் அந்தஸ்தையும் தவிர நீங்கள் எதைப் பேணினீர்கள் என்பதே அவன் கேள்வி. பெற்றோர் சொற்கேட்டுத் தன் மனத்தை அடக்கிய நந்தா, தன் மகனின் மனத்தை அடக்க முற்பட்டாள்; அது முடியாமற் போயிற்று. மகாகெதரவை விலைக்கு வாங்கலாம் என்று பியல் கணக்கிட்டான். வாங்கவும் வாங்கினான். அதனோடு சேர்ந்து, வாசலில் நிற்பவனை உள்ளே விடாத அதன் வழக்கமும் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மூன்றாவதான ‘யுகாந்தய’ (1983) என் மனத்தை அத்துணை கவரவில்லை. முதலாளியும் பொதுவுடைமை பேசும் மகனும் வாதிடும் இடங்களில் மனிதர் மறைந்து கட்சிகள் நிற்கின்றன. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். முதற் படத்தில் ஒன்றுமில்லாத குடிப்பெருமைக்காரன் ஜினதாசவாக வந்து இருமுறை செத்த காமினி பொன்சேகா, இதிலே கோடீசுவரன் சைமன் கபலானவாக வருகிறார். நெறியாளர் எண்ணித்தான் செய்தாரோ அறியேன். ஹேமருக்கு எட்டு முகம் போல, இவருக்கு ஒரு முகத்தில் இரண்டு வர்க்கம். மகனாக நடித்த றிச்சட் டி சொய்சா பின்னாளில் பத்திரிகையாளராக விளங்கி 1990இல் கடத்திக் கொல்லப்பட்டார் என்பதை அறிந்தவருக்கு அந்த இளைஞனின் காட்சிகளைப் பார்ப்பது இலேசன்று.

போயா நாட்களில் மாணவர் சிலர் என் வீட்டில் கூடுவார்கள். ஒரு முறை ‘கம்பெரலிய’வைப் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், ரெண்டு பேரும் ஒரே மொழி, ஒரே சமயம். பிறகு ஏன் மறுத்தவை?” கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சிரித்து ஓய்ந்ததும் ஒருவரும் பேசவில்லை. அடுத்த கேள்வியை வேறொருவன் கேட்டான்: “எங்கட ஆக்கள் ஏன் இப்பிடி ஒரு படம் எடுக்கேல்ல?”

நேர்மையான கேள்வி. இந்தச் சிரிப்பு நமக்கு வராத ஒன்றன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடகம்’ என்ற நூலை எடுத்துப் பாருங்கள். ‘உடையார் மிடுக்கு’ என்றும் ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ என்றும் பெயர்களே விடயத்தைச் சொல்லிவிடுகின்றன. உடையார்மார் உயிரோடும் மிடுக்கோடும் இருந்த காலத்திலேயே யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் அவர்களை மேடையேற்றிய துணிவு சாமானியமானதன்று. ஒரு பெருமை செத்த பின்னரே சிரிப்பு வரும் என்று மேலே நான் எழுதியதற்கு இதுவே விலக்கு. தமிழகத்திலே ‘இரத்தக் கண்ணீர்’ (1954) உண்டு. சீமையிலிருந்து திரும்பிய செல்வனாக எம். ஆர். இராதா தன் வர்க்கத்தின் திமிரையும் தன் உடலின் அழுகலையும் ஒரே குரலில் எள்ளி நகையாடியதைத் தமிழ்ச் சினிமா பின்னர் எட்டவே இல்லை என்பது என் துணிபு. முடிவில் உபதேசம் செய்துவிட்டதே அதன் குறை.

ஈழத்திலும் முயன்றார்கள். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்து டபிள்யூ. எஸ். மகேந்திரன் நெறிப்படுத்திய ‘குத்துவிளக்கு’ 1972இல் வந்தது. தர்மசேன பத்திராஜ நெறியாள்கையில், காவலூர் இராசதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’ 1977இல் வந்தது. சாதி கடந்த காதலைச் சொன்ன அப்படத்துக்குத் தமிழ் இரசிகர் அளித்த வரவேற்பு வெட்கத்துக்குரியது. தென்னிந்தியப் படங்களின் பளபளப்பின் முன்னே அதன் அமைதி எடுபடவில்லை. இவ்விரண்டும் அழுத படங்கள். சிரித்த படம் இன்னும் வரவில்லை. 1983 ஆடியில் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்தபோது தமிழ் முதலீட்டில் வளர்ந்திருந்த தொழிலொன்றும் எரிந்தது. அதே நாட்களில் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் சொந்த வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் ஒரே அகதி முகாமின் தரையில் படுத்தார்கள். அதன்பின் நீண்ட காலத்துக்கு நம்மை நாமே எள்ளிச் சிரிக்க எவருக்கு மனம் வரும்? வராததை நான் குறைகூறமாட்டேன்.

ஆனால் ஏணி எரியவில்லை. அன்று சிறிய வீடுகள் இருந்த கடற்பக்கத்து ஒழுங்கைகளில் இன்று மாடிக் குடியிருப்புகள். முன்பு ஒழுங்கையின் இலக்கம் கேட்டவர்கள் இப்போது மாடியின் இலக்கம் கேட்கிறார்கள். மாணவரை அனுப்பிய பின்னர் அன்றைய ஞாயிறு இதழின் மணமக்கள் பகுதியைச் சும்மா புரட்டினேன். ‘கௌரவமான குடும்பம்’ என்ற சொற்றொடரை ஒரு பக்கத்தில் பதினான்கு இடங்களில் எண்ணினேன். வெளிநாட்டில் நிரந்தர வதிவிடம் உள்ள மாப்பிள்ளைக்கு இன்ன ஊர், இன்ன மட்டத்தில் பெண் தேவை. கொழும்பில் வீடு இருப்பின் விரும்பத்தக்கது. கேள்வி கேட்ட அந்த மாணவிக்கும் வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். மாப்பிள்ளை வீட்டார் லண்டனில் இருந்து வந்து பார்த்துப் போனார்களாம். அவள் மறுபடியும் வந்து ‘கலியுகய’வைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள், இன்னும் திருப்பித் தரவில்லை.